ஐப்பசி ஈரமும் முறுக்கு டப்பாவும்

தீபாவளி வட இந்தியாவுக்கு மழைக்காலம் முடிந்த பிறகு வருகிறது. நமக்கு அடைமழையின் நடுவில் வருகிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்லிவைத்திருக்கிறோமே, அந்த ஐப்பசிதான். அதனால் வீட்டில் செய்த பலகாரத்தை அழகாகக் கட்டிக் கொடுப்பது எப்படி என்று யாராவது கேட்டால், ரிப்பனும் வண்ணத் தாளும் எனக்குப் பிற்பாடுதான் நினைவுக்கு வரும். முதலில் நினைவுக்கு வருவது காற்று.

சென்னையில் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். மழை பிடித்துக்கொண்ட நாளில் அதற்கும் மேலே போகும். எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த முறுக்கிலோ நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு ஈரம் இருந்தால் அதிகம். இவ்வளவு காய்ந்த பொருளை இவ்வளவு ஈரமான காற்றில் திறந்து வைத்தால் அது சும்மா இருக்காது, தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மாவுப் பண்டம் மொறுமொறுவென்று இருப்பதற்குக் காரணமே உள்ளே தண்ணீர் இல்லாததுதான். கொஞ்சம் ஏறினாலும், உடைய வேண்டியது வளையத் தொடங்கிவிடும். கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல முடியாது, சாப்பிட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நமுத்த முறுக்கைப் பரிசாகக் கொடுத்தவருக்கு அந்த வீட்டில் என்ன பெயர் கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இணையத்தில் இந்த விஷயத்தைத் தேடினால் வருபவை பெரும்பாலும் டிசம்பர் மாதத்து அமெரிக்க, ஐரோப்பிய சமையலறைகள். ஹீட்டர் ஓடும் வீட்டில், உலர்ந்த காற்றில், பட்டர் பிஸ்கட்டை அட்டைப் பெட்டியில் அடுக்கி, சணல் நூலால் கட்டி, ஒரு பைன் கிளையைச் செருகுகிறார்கள். பார்க்க அழகுதான். அதே மாதிரிப் பெட்டியில் தேன்குழலை அடுக்கி, மேற்கு மாம்பலத்திலிருந்து தாம்பரத்துக்கு மழையில் பஸ்ஸில் எடுத்துப் போய்ப் பாருங்கள். அட்டை ஈரத்தையும் குடிக்கும், எண்ணெயையும் குடிக்கும். போய்ச் சேரும்போது பெட்டியின் அடியில் வட்ட வட்டமாக எண்ணெய்க் கறை, மேலே துவண்டுபோன மூடி. வடக்கத்திய மிட்டாய்க் கடைகளின் அட்டைப் பெட்டி மரபு காஜு கத்லிக்கும் பேடாவுக்கும் ஏற்பட்டது. இனிப்புக்கு அது சரி. நம்முடைய தீபாவளித் தட்டில் பாதிக்கு மேல் காரமும் மொறுமொறுப்பும்தானே.

ஆகவே என் கட்சி இதுதான். எந்த டப்பா என்பதைப் பலகாரத்தின் பயத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். அலங்காரப் பொருள் கடையில் போய் நின்றுகொண்டு முடிவு செய்யக் கூடாது. அந்தக் கடையில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு பயம் உண்டு. முறுக்கு, தட்டை, சீடை, ரிப்பன் பகோடா, ஓமப்பொடி எல்லாம் காற்றுக்குப் பயப்படுபவை. மைசூர்பாகுக்கும் நெய் உருண்டைக்கும் சூடு ஆகாது. வண்டியின் டிக்கியில் மதிய வெயிலில் இருந்தால் நெய் கசிந்து கீழே இறங்கிவிடும், உருண்டை சப்பையாகிவிடும். பூந்தி லட்டுக்குப் பகை அதற்குள்ளேயே இருக்கிறது. பாகின் ஈரம் ஆறுவதற்கு முன்னால் மூடினால் மூடியின் உள்பக்கம் வேர்த்து, அந்தத் துளி லட்டின் மேலேயே விழுந்து, அங்கேதான் முதல் பூசணம் பிடிக்கும். தேங்காய் பர்பிக்கு நாள்தான் பயம், நாலைந்து நாளில் தேங்காய் வாடை மாறத் தொடங்கிவிடும். அச்சு முறுக்கு மனிதக் கையைக் கண்டாலே உடையும். அதிரசம் பெரிதாக எதற்கும் பயப்படாது. இரண்டாம் நாள் இன்னும் நன்றாகக்கூட இருக்கும், ஆனால் எண்ணெயைக் கக்கிக்கொண்டே இருக்கும். பொரிவிளங்காய் உருண்டைக்கு எதுவுமே பயமில்லை. நம் பற்கள்தான் அதற்குப் பயப்பட வேண்டும்.

இந்தப் பயங்களைத் தெரிந்துகொண்டால் ஒரு விஷயம் தானாகவே புரியும். ஐந்து வகையை ஒரே பெட்டியில் அறை அறையாகப் பிரித்து வைக்கும் அந்தப் பிரபலமான தட்டுப் பெட்டி நமக்கு உதவாது. மூடி ஒன்று, காற்றும் ஒன்று. லட்டிலிருந்து வெளியேறும் ஈரம் நேராக முறுக்குக்குப் போகும். அது மட்டுமா, நெய்ப் பண்டம் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூண்டு போட்ட காராசேவுக்குப் பக்கத்தில் ஓர் இரவு தங்கிய மைசூர்பாகைச் சாப்பிட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கலந்து கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் ஒட்டி மூடி, பிறகு பெட்டியில் வையுங்கள். இல்லையென்றால் காரத்துக்கு ஒரு டப்பா, இனிப்புக்கு ஒரு டப்பா. இரண்டாகக் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் நிறையத் தந்தது மாதிரி இருக்கும்.

கட்டுவதற்கு முன்னால் ஆற வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு நேரம் என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே தங்கி நமுக்க வைக்கும். சரி, நன்றாக ஆறட்டும் என்று இரவு முழுக்க முறத்தில் பரப்பி, மேலே ஃபேனையும் போட்டுவிட்டால், மழைக்காற்றை வலியக் கூப்பிட்டு விருந்து வைத்த மாதிரிதான். தொட்டால் சூடு தெரியாத நிலை வந்ததும் மூடிவிட வேண்டும். தட்டைக்கு அரை மணி போதும். கை முறுக்கு கனமானது என்பதால் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். எண்ணெய் வடிய வைக்கும் வடிதட்டிலேயே ஆறவும் விட்டால் அடியிலும் காற்றுப் போகும். ஒரு ஈடு ஆற ஆற உடனே மூடுவது, எல்லா ஈடும் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. இதைச் செய்ய அடுப்படியில் இரண்டாவது ஆள் வேண்டும். தீபாவளிக்கு வீட்டு ஆண்களை எதற்குப் பயன்படுத்துவது என்று யோசிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்தது கவர். பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைகளில் போய்க் கேட்டால் பி.பி. கவர் வேண்டுமா, எல்.டி. கவர் வேண்டுமா என்பார்கள். பி.பி. என்பது பாலிபுரொப்பிலின். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், கசக்கினால் சரசரவென்று சத்தம் வரும். எல்.டி. என்பது அடர்த்தி குறைந்த பாலிஎத்திலின். வழவழவென்று மெத்தென இருக்கும், சற்று மங்கல். இரண்டுமே ஈரத்தை நன்றாகத் தடுக்கும். பி.பி. பளிச்சென்று இருப்பதால் பரிசுக்கு அதுதான் எடுப்பு. இரண்டுமே ஆக்சிஜனை அவ்வளவாகத் தடுக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மொறுமொறுப்பைக் காப்பாற்றும், எண்ணெய் காறல் அடிப்பதைப் பல வாரத்துக்குத் தள்ளிப்போடாது. கடைச் சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னுவதும், உள்ளே நைட்ரஜன் அடைப்பதும் அதற்காகத்தான். வீட்டுப் பலகாரம் இரண்டு, மூன்று வாரத்துக்குள் தீர வேண்டியது. அதற்கு இது போதும்.

பட்டர் பேப்பரை நம்பி ஏமாறுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அது எண்ணெயைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. அதிரச அடுக்குகளுக்கு இடையிலும் மைசூர்பாகு அடுக்குகளுக்கு இடையிலும் போட அருமையான பொருள். முறுக்கை அதில் மட்டும் சுற்றிக் கொடுப்பது வீண்.

கவரை ஒட்டுவதற்கு இப்போது கைக்கு அடக்கமான சீலிங் மெஷின் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை பயன்படுத்துவதற்கு அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பெட்டிக்கடைக்காரர்கள் காலம் காலமாகச் செய்தது இருக்கிறதே: கவரின் வாயை ஒரு ஹாக்சா பிளேடின் மேல் மடித்து, நுனி கொஞ்சம் வெளியே தெரியும்படி பிடித்து, மெழுகுவர்த்திச் சுடரின் ஓரமாக ஒரே சீராக இழுப்பது. அந்தச் சின்னச் சின்ன மிக்சர் பாக்கெட்டுகள் எல்லாம் இப்படி ஒட்டப்பட்டவைதான். ஸ்டேப்ளர் பின் மட்டும் வேண்டாம். அது காற்றையும் தடுக்காது, பிரிக்கும்போது மிக்சருக்குள் விழுந்தால் யார் பல்லில் மாட்டும் என்று தெரியாது.

ஈரத்துக்குக் காவலாக உப்பு முடிச்சு வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. உப்பு தண்ணீரை இழுக்கும் என்பது உண்மைதான், மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைத்தான் பார்க்கிறோமே. ஆனால் சுற்றியுள்ள காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி வந்த பிறகுதான் அது இழுக்கத் தொடங்கும். அந்த அளவு ஈரம் டப்பாவுக்குள் சேர்வதற்கு வெகு முன்பே முறுக்கு நமுத்துவிடும். உணவுக்கென்று விற்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நன்றாக வேலை செய்யும். ஆனால் சின்னக் குழந்தைகளும் கண் மங்கிய பெரியவர்களும் இருக்கும் வீட்டுக்கு அதைப் போட்டு அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. மூடி இறுக்கமாக இருந்தால் எதுவுமே தேவையில்லை.

செய்தித்தாள் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. பிஸ்கட் டின்னின் அடியில் பேப்பரைப் போட்டு, அதன் மேல் முறுக்கை அடுக்கித்தான் நம் வீடுகளில் வைத்தார்கள். எண்ணெயை உறிஞ்சட்டும் என்று. அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து பலகாரத்தில் இறங்கும் என்பதால், உணவைச் செய்தித்தாளில் வைப்பதையும் சுற்றுவதையும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ம் ஆண்டின் பொதி விதிமுறைகளிலேயே தடை செய்துவிட்டது. விதி வியாபாரிகளுக்குத்தான், ஆனால் மை வீட்டையும் கடையையும் பிரித்துப் பார்க்காது. இதில் ஒரு கூத்து, அண்மையில் 'பழைய காலத்து அழகு' என்று சொல்லிச் செய்தித்தாள் கூம்பில் காராசேவைப் போட்டுப் பரிசுப் பெட்டிக்குள் செருகி வைக்கும் பாணி ஒன்று கிளம்பியிருக்கிறது. அந்த அழகு வேண்டுமென்றால் அச்சடிக்காத பழுப்புத் தாளில் கூம்பு செய்யுங்கள், உள்ளே பட்டர் பேப்பர் போடுங்கள்.

ஆனால் அந்த பிஸ்கட் டின் இருக்கிறதே, அதை எந்த நவீன டப்பாவும் வென்றதாக எனக்குத் தெரியவில்லை. ஈரம் போகாது, காற்று அதிகம் போகாது, முக்கியமாக வெளிச்சம் போகாது. வறுத்த பண்டத்தில் எண்ணெய் காறிப்போவதை வெளிச்சம் விரைவுபடுத்தும். இன்று பரிசுக்கென்று விரும்பி வாங்கப்படும் கண்ணாடி ஜாடியில் பலகாரம் அழகாகத் தெரியும், தெரிவதுதான் அதன் குறையும். ஜாடியில் கொடுத்தால், இதை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். எப்படியும் அழகாக இருக்கிறதே என்று ஜன்னல் ஓரத்தில்தான் வைப்பார்கள். நல்ல மூடியுள்ள எவர்சில்வர் சம்படம்தான் என் முதல் தேர்வு. விலை கூடுதல்தான். ஆனால் பலகாரம் தீர்ந்த பிறகும் அந்த வீட்டில் பருப்பு போட்டு வைக்க இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. பாத்திரத்தில் கொடுத்தால் அது பரிசா, இரவலா? பழைய முறையில் இந்தக் கேள்வியே கிடையாது. தட்டில் பலகாரத்தை வைத்து, மேலே ஒரு துணியை மூடி, பக்கத்து வீட்டுக்குக் குழந்தைகளிடம் கொடுத்தனுப்புவார்கள். தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பதால் ஒரு கரண்டி சர்க்கரையோ, இரண்டு வாழைப்பழமோ, அவர்கள் வீட்டுப் பலகாரமோ வைத்துத் திரும்பி வரும். எங்கள் தெருவில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தீபாவளிக்குப் போன தட்டு, கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கோடும் முந்திரிக்கொத்தோடும் வேறு தட்டாக வந்து சேரும். பொட்டலம் கட்டிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு இந்தப் போக்குவரத்து குறைந்துவிட்டது. கவரைத் திருப்பிக் கொடுக்க யாரும் வரப்போவதில்லையே. அது விடுதலை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், குறிப்பாக அடுக்குமாடிக் குடியிருப்புகளில். எனக்கு இரண்டு வழியும் வேண்டும். பக்கத்து வீட்டுக்குத் தட்டுதான், எந்தப் பேக்கிங்கும் வேண்டாம். பத்தடி தூரம் போகும் பலகாரத்துக்கு நெகிழிக் கவரும் ரிப்பனும் போடுவது அதிகப்பிரசங்கித்தனம். தூரத்து உறவுக்குச் சம்படம் கொடுத்தால், 'டப்பா உங்களுக்குத்தான்' என்று எழுதியே ஒட்டிவிடுவது. இல்லையென்றால் மதினி அடுத்த வருஷம் வரைக்கும் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "உங்க டப்பா இங்கதான் இருக்கு, எடுக்கவே மறந்துடுதீங்க" என்று ஒவ்வொரு போனிலும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அழகுக்கு வருவோம். நம்மிடம் இல்லாத அழகா? தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் பனை ஓலைப் பெட்டியில் சில்லுக்கருப்பட்டி விற்பார்கள். மூடியோடு சேர்ந்த அந்தச் சின்னப் பெட்டியைக் கையில் எடுத்தாலே ஓலை மணமும் கருப்பட்டி மணமும் கலந்து வரும். மணப்பாட்டில் பெண்கள் சாயம் ஏற்றிய ஓலையில் விதவிதமாகப் பின்னுகிறார்கள். செட்டிநாட்டுக் கொட்டான் இன்னும் ஒரு படி மேலே. நகரத்தார் வீட்டு ஆச்சிமார் சடங்குகளுக்காக ஓலையில் பின்னி, மேலே மணியும் நூல் பின்னலும் வைத்து அலங்கரித்தவை அவை. மங்கிக்கொண்டிருந்த அந்தக் கைவேலையை எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டெடுத்தது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஒரு கொட்டானுக்குள் மைசூர்பாகு நாலு துண்டு வைத்துக் கொடுத்தால் போதும், மற்ற எந்த அலங்காரமும் அதன் பக்கத்தில் நிற்காது.

ஓலைப் பெட்டிக்குக் காற்றைத் தடுக்கத் தெரியாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. உள்ளே ஒட்டிய கவர் கண்டிப்பாக வேண்டும். மழைக்காலத்தில் ஓலையே பூசணம் பூக்கும். வாங்கி வந்ததும் கிடைத்த வெயிலில் ஒரு பகல் காய வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பலகாரத்தை அலங்காரமாகவே நிறுத்துவதற்குப் பிராமண வீட்டுக் கல்யாணங்களில் ஒரு முறை இருக்கிறது: பருப்புத் தேங்காய். கூம்பு வடிவத் தகரக் கூட்டுக்குள் வெல்லப் பாகில் பிரட்டிய மனோகரத்தையோ வேர்க்கடலையையோ பொட்டுக்கடலையையோ அடைத்து இறுக வைப்பார்கள். வெளியே வண்ணக் காகிதமும் ஜரிகையும் சுற்றி, ஜோடியாக நிறுத்துவார்கள். சீர் வரிசைத் தட்டுகளில் கண்ணில் முதலில் படுவது அதுதான். அதன் சிறு வடிவத்தை தீபாவளிப் பரிசாக யாரும் செய்வதில்லையே என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஆச்சரியம். கெட்டியான அட்டையில் ஒரு சாண் உயரக் கூம்பு, உள்ளே பட்டர் பேப்பர், வெல்லப் பாகில் பிரட்டிய கடலை. பாகு இறுகிய பண்டம் தன் உருவத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். மேலே பி.பி. தாளில் சுற்றிவிட்டால் ஒட்டும் பிசுக்கும் வராது.

மற்றபடி அலங்காரத்துக்கு நான் காசு செலவழிப்பதில்லை. கிழிந்த பட்டுப் புடவையின் கரையை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிச் சம்படத்தைச் சுற்றிக் கட்டினால், எந்த சாட்டின் ரிப்பனும் அந்த நிறத்தைத் தராது. பூ கட்டும் வாழை நாரை நனைத்துக் கட்டினால் காய்ந்ததும் இறுகிக்கொள்ளும். பழுப்பு அட்டை மேல் வெள்ளைப் பேனாவால் சின்னதாக ஒரு புள்ளிக் கோலம், குழந்தைகளிடம் கொடுத்தால் அவர்களே வரைந்து தருவார்கள். வெளிப் பைக்கு மஞ்சப்பை. 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. அதன் பிறகு கல்யாணத் தாம்பூலப் பைகள் வீட்டில் குவிந்து கிடக்கின்றன. யாரோ ஒருவர் மகளின் கல்யாணத் தேதி அச்சடித்திருக்கும் பையில் முறுக்கு கொடுப்பதா என்று தயங்கினால் உள்பக்கத்தை வெளியே திருப்பிவிடுங்கள்.

பிளாஸ்டிக் பூ, ஜிகினா, தெர்மோகோல் உருண்டை, இவற்றை உணவுப் பெட்டிக்குள் போடாதீர்கள். ஜிகினா மைசூர்பாகில் ஒட்டினால் போகவே போகாது.

பெட்டிக்குள் அடுக்குவதும் பேக்கிங்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தட்டையை அதே விட்டமுள்ள உயரமான டப்பாவில் காசு அடுக்குவது போலப் படுக்கையாக அடுக்கினால் ஒன்றுகூட உடையாது. கை முறுக்கையும் படுக்கவைத்தே அடுக்க வேண்டும், செங்குத்தாகச் செருகினால் முதல் குலுங்கலிலேயே வெளிச்சுற்று உடையும். சந்து பொந்துகளை எதைக் கொண்டு நிரப்புவது? கசக்கிய தாளும் குமிழ் உறையும் வேண்டாம். காராசேவும் ஓமப்பொடியும் எதற்கு இருக்கின்றன? அதே காரக் குடும்பம், அதே காய்ந்த குணம், முறுக்கின் சுற்றுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மூடிய பிறகு காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் இன்னும் ஒரு கைப்பிடி போடலாம் என்று அர்த்தம். அச்சு முறுக்கை மட்டும் தனி டப்பாவில் ஒன்றின் மேல் ஒன்றாக, பூவும் பூவும் பொருந்துமாறு வையுங்கள்.

மூடியின் மேல் ஒரு சீட்டு வேண்டும். வாழ்த்து ஒரு வரி போதும். அதைவிட உபயோகமானது செய்த நாள், எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், எந்த எண்ணெய், வேர்க்கடலை, முந்திரி, எள் இருக்கிறதா என்பவை. 2020 அக்டோபர் 1 முதல் கடைகளில் உதிரியாக விற்கும் இனிப்புக்கே எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுப் பலகாரத்துக்கு நாமே எழுதுவதில் என்ன கூச்சம்? என் அடுப்படிக் கணக்கில் முறுக்கும் தட்டையும் மூடி நன்றாக இருந்தால் மூன்று வாரம் வரை, மைசூர்பாகு இரண்டு வாரம், அதிரசம் பத்து நாள், பூந்தி லட்டு ஒரு வாரம். பால் இனிப்பை நான் பரிசாகக் கட்டுவதே இல்லை. வேர்க்கடலை ஒவ்வாமை சில வீடுகளில் இருக்கிறது, கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்படுவார்கள், எழுதிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. சுவை பிடித்து யாராவது ஆர்டர் கொடுக்கத் தொடங்கினால் கதையே வேறு. விற்பதற்கு வீட்டுச் சமையலறையாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

நன்றாக மூடும் ஆர்வத்தில் திறக்க முடியாமல் மூடிவிடுவதும் உண்டு. செல்லோ டேப்பை நாலு சுற்றுச் சுற்றிக் கொண்டுபோன டப்பாவைப் பார்த்து எங்கள் ஆச்சி, "ஏட்டி, முறுக்க எதுக்கு இப்படி ஜெயில்ல போட்டுருக்க? போய் அருவாமணைய எடுத்துட்டு வா" என்றாள். பெரியவர்களுக்குப் போகிற பெட்டியில் டேப்பின் நுனியை மடித்து ஒரு காது விட்டு ஒட்டுகிறோம் இப்போதெல்லாம். திறந்த பிறகு மறுபடி மூட முடிய வேண்டும் என்பதும் முக்கியம். ஒரே நாளில் அரைக் கிலோ முறுக்கை யாரும் தின்பதில்லை. கவரை ஒட்டித் தருவதாக இருந்தால் பெரிய கவர் ஒன்றாக வேண்டாம், ஒரு வேளை அளவுக்குச் சின்னச் சின்னதாக நாலைந்து கவர். ஒன்றைப் பிரித்தாலும் மற்றவை காய்ந்தே இருக்கும்.

வெளியூர், வெளிநாட்டுக்குக் கூரியரில் அனுப்புவது தனிக் கலை. சர்வதேசக் கூரியரில் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள். பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதையும் கிலோவாகக் கணக்கிடுவார்கள், இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. 40-க்கு 30-க்கு 20 என்று ஒரு பெட்டி எடுத்தால் உள்ளே மூன்று கிலோதான் இருந்தாலும் 4.8 கிலோவுக்குக் கட்ட வேண்டும். அலங்காரப் பெட்டியும், அதற்குள் காற்றும், அதைச் சுற்றி இன்னொரு பெட்டியும் என்று அனுப்பினால் காற்றுக்குத்தான் டாலர் கணக்கில் பணம் போகும். ஆகவே வெளிநாட்டுக்கு அழகு வேண்டாம், அடர்த்தி வேண்டும். சீடை, காராசேவு, முந்திரிக்கொத்து, பொரிவிளங்காய் உருண்டை இவையெல்லாம் அதற்கென்றே பிறந்தவை, இடத்தை வீணாக்காமல் உட்காரும், எறிந்தாலும் உடையாது. முந்திரிக்கொத்தில் முந்திரி இருக்காது, பாசிப்பயறும் வெல்லமும்தான் என்பதைச் சீட்டில் எழுதிவிடுங்கள். பெயரைப் பார்த்து ஒவ்வாமைக்காரர்கள் பயந்துவிடப் போகிறார்கள். கை முறுக்கு அனுப்பியே தீருவேன் என்பவர்கள் உள் டப்பாவுக்கும் வெளிப் பெட்டிக்கும் நடுவில் நாலு பக்கமும் இரண்டு விரல் இடம் விட்டு, அங்கே அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு வாங்கிய பருத்தித் துணிகளைத் திணியுங்கள். குமிழ் உறைக்குக் கொடுக்கும் இடத்தைப் பாவாடை சட்டைக்குக் கொடுத்ததாகட்டும்.

அமெரிக்காவுக்கு என்றால், வீட்டில் ஒருவர் தன் கையால் செய்து இன்னொருவருக்குத் தனிப்பட்ட பரிசாக அனுப்பும் உணவுக்கு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் முன்னறிவிப்பு கேட்பதில்லை. அதனால் 'வீட்டில் செய்தது, பரிசு, விற்பனைக்கல்ல' என்று படிவத்திலும் பெட்டி மேலும் தெளிவாக எழுதுங்கள். 'ஸ்நாக்ஸ்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதாமல் அரிசி மாவில் செய்தது, கடலை மாவில் செய்தது என்று பிரித்து எழுதினால் சுங்கத்தில் கேள்வி குறையும். ஆஸ்திரேலியாவுக்கு விமானத்தில் எடுத்துப் போகிறவர்கள் எந்த உணவானாலும் படிவத்தில் அறிவித்துவிட வேண்டும். அறிவித்தால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால்தான் அபராதம். பல நாடுகளில் பால் பண்டத்துக்கு கெடுபிடி அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை மட்டும் கட்டி அனுப்ப முயலாதீர்கள். ஊருக்கு வரும்போது வாங்கித் தருகிறேன் என்று போனில் சொல்லிவிடுங்கள், டிக்கெட் போட அவர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.